மழையை அளக்கக் கற்போம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

மேட்டுப்பாளையத்தில் சுள்ளென்று வெயில் காயும்போது பேருந்தில் ஏறுகிறோம். பர்லியாறு தாண்டியதும் காற்று குளிர்கிறது. மரப்பாலத்து வளைவுகளில் எதிரே வரும் வண்டி தெரியாத அளவுக்கு மஞ்சு மூடிக்கொள்கிறது. குன்னூரில் தூறல், உதகையில் இறங்கினால் மறுபடியும் வெயில். இரண்டு மூன்று மணி நேரப் பயணத்தில் நான்கு பருவங்களைக் கண்டுவிட்ட வெளியூர் நண்பர் சிரித்துக்கொண்டே, "உங்கள் ஊர் வானத்தை நம்பவே முடியாதப்பா!" என்கிறார். நாமும் அவரோடு சேர்ந்து சிரித்துவிடுகிறோம்.

அப்படிச் சிரிப்பது சரிதானா என்பதே என் கேள்வி. நம் மலையின் வானம் மனம்போன போக்கில் மாறுவதன்று. அதன் மாற்றங்களுக்கு விதிகள் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை நம் வெப்பவியல் பாடப் புத்தகத்திலேயே இருக்கின்றன. அவற்றைத் தேர்வுக்காகப் படிக்கும் நாம், சன்னலுக்கு வெளியே பொருத்திப் பார்ப்பதில்லை. பார்க்காததற்கு நாம் கொடுக்கும் விலை சில ஆண்டுகளில் உயிராகவே இருக்கிறது. ஆகவே மலையில் வாழும் நாம் மழையை வேடிக்கை பார்ப்பதோடு நில்லாமல் அளக்கவும் கற்கவேண்டும் என்று வற்புறுத்தவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

மலை மேகத்தைத் தடுக்கிறதா?

"மேகங்கள் மலையில் மோதி மழையாகப் பொழிகின்றன" என்று பள்ளியில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்களில் நானும் ஒருவன். கல்லூரிக்கு வந்த பிறகுதான் அந்த விடை பாதி உண்மை என்று விளங்கிற்று. பெரும்பாலும் மேகம் எங்கிருந்தோ வந்து மலையில் முட்டுவதில்லை. மலைதான் மேகத்தை உண்டாக்குகிறது.

காற்றில் கண்ணுக்குத் தெரியாத நீராவி எப்போதும் இருக்கிறது. ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான் தாங்கும். 10 டிகிரியில் 9 கிராமுக்குச் சற்று மேல். காற்றைக் குளிர்வித்தால் மிஞ்சிய நீராவி துளிகளாகப் பிரிந்தே தீரவேண்டும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பது இதனால்தான்.

மலைச்சரிவில் காற்றைக் குளிர்விப்பது யார்? வீசிவரும் காற்றுக்குக் குறுக்கே மலை நிற்கிறது. காற்று மேலேறியாகவேண்டும். மேலே அழுத்தம் குறைவாதலால் காற்று விரிகிறது. விரியும் காற்று தன் வெப்பத்தையே செலவிட்டுக் குளிர்கிறது. மேகமாகாத காற்று ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 10 டிகிரி குளிரும். அதே உயரத்தில் அதன் பனிநிலை, அதாவது ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, 2 டிகிரிதான் இறங்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஆயிரம் மீட்டருக்கு 8 டிகிரி வீதம் சுருங்குகிறது என்று கொள்ளலாம்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் வெப்பம் 30 டிகிரி, பனிநிலை 22 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 8 டிகிரி. ஆகவே அக்காற்று ஆயிரம் மீட்டர் ஏறி, 1,300 மீட்டர் உயரத்தை அடைந்ததும் மேகமாகத் தொடங்கும். அது பர்லியாற்றுக்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட உயரம். பேருந்து மஞ்சுக்குள் நுழைவதும் அங்கேதான்!

இப்போது காற்றில் ஈரம் சற்றே கூடிப் பனிநிலை 24 டிகிரி ஆகிவிட்டது என்று கொள்வோம். இடைவெளி 6 டிகிரிதான். மேகத்தின் அடிமட்டம் 250 மீட்டர் கீழே இறங்கிவிடுகிறது. அதாவது, வெறும் 2 டிகிரி வேறுபாட்டால், சற்றுமுன் வெயிலில் இருந்த ஊர் மேகத்துக்குள் போய்விடுகிறது. சமவெளியில் வாழ்பவனுக்கு மேகத்தின் அடிமட்டம் 250 மீட்டர் ஏறினாலும் இறங்கினாலும் தெரியாது. சரிவில் குடியிருப்பவனுக்கு அதுவே பகலுக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசம். மலை வானிலையின் நிலையாமை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இதுதான்.

என் தாயார் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். கோடை மழைக் காலத்தில் அவர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். பத்து மணிக்கே பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறத் தொடங்கினால் இரண்டு மணிக்கு மழை உறுதி. பகலுணவுக்குப் பிறகு ஏறினால் மாலைவரை பயமில்லை. இதை வெகுநாள் நான் அனுபவப் பேச்சு என்றே எண்ணியிருந்தேன். படித்த பிறகு பார்த்தால் அதில் இயற்பியல் இருக்கிறது. காலை வெயில் மலைச்சரிவைச் சூடாக்குகிறது. சரிவையொட்டிய காற்று இலேசாகி மேலேறுகிறது. ஈரம் மிகுந்த நாளில் மேகமட்டம் தாழ்ந்திருப்பதால் மஞ்சு விரைவில் தோன்றுகிறது. ஒரு கிராம் நீராவி நீராகும்போது ஏறத்தாழ 2,500 ஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. அவ்வெப்பம் மேகத்தை மேலும் மேலும் தூக்கி, பிற்பகலில் இடிமழையாக்குகிறது. இரவில் சரிவு குளிர்ந்து காற்று பள்ளம் நோக்கி இறங்க, வானம் தெளிகிறது. என் தாயார் வெப்பமானியைக் கையால் தொட்டதில்லை. ஆனால் பனிநிலையைக் கண்ணாலேயே படித்திருக்கிறார்.

பத்து இலட்சம் துளிகள்

மேகம் உண்டானால் மட்டும் மழை வந்துவிடாது. எத்தனையோ நாள் மஞ்சு நம் முகத்தை ஈரமாக்கிவிட்டுப் போய்விடுகிறது. மேகத்துளியின் குறுக்களவு ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர். நல்ல மழைத்துளி ஒன்று 2 மில்லிமீட்டர். குறுக்களவில் நூறு மடங்கு என்றால் பருமனில் பத்து இலட்சம் மடங்கு. பத்து இலட்சம் மேகத்துளிகள் ஒன்று சேர்ந்தாலன்றி ஒரு மழைத்துளி பிறப்பதில்லை!

அம்மேகத்துளி பிறக்கவும் ஒரு பற்றுக்கோடு வேண்டும். தூசியில்லாத தூய காற்றில் நீராவி எளிதில் துளியாவதில்லை என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் ஜான் எய்ட்கென் சோதனை செய்து காட்டினார். நம் மேற்குச் சரிவில் ஏறும் காற்று அரபிக்கடலின் உப்புத்துகள்களைச் சுமந்து வருகிறது. உப்பின் மேல் பிறந்த பெரிய துளிகள் விரைந்து விழுகின்றன; வழியில் சிறியவற்றைத் தம்மோடு சேர்த்துக்கொண்டு வளர்கின்றன. மிக உயர்ந்த மேகங்களில் பனிக்கட்டிப் படிகங்கள் வளர்ந்து, உருகி மழையாவது இன்னொரு வழி. ஆனால் நம் வெப்ப மண்டலத்தில் உறைநிலை ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டாவின் உயரமோ 2,637 மீட்டர்தான். ஆகவே தென்மேற்குப் பருவத்தில் மலையைத் தழுவிக் கிடக்கும் தாழ்ந்த மேகங்கள் உறைநிலையை எட்டாமலேயே கொட்டித் தீர்க்க வல்லவை. இந்த உண்மையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இது தேவைப்படும்.

இயற்பியல் மாணவர்கள் அனைவரும் வில்சன் முகிற்கலத்தைப் படிக்கிறோம். அது ஒரு மலையுச்சியில் கருக்கொண்டது என்பதை எத்தனை பேர் அறிவோம்? ஆடு வளர்க்கும் விவசாயி ஒருவரின் மகனான சி.டி.ஆர். வில்சன், 1894 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலைமேல் இருந்த வானிலை ஆய்வகத்தில் சில வாரங்கள் தங்கினார். அப்போது அவருக்கு வயது 25. கீழே பரந்த மேகத்தின்மேல் வெயில் பட்டு எழுந்த வண்ண வளையங்கள் அவரை ஈர்த்தன. ஆய்வுக்கூடத்தில் அந்த மேகத்தைச் செய்து பார்க்க முயன்றதே முகிற்கலமாக வளர்ந்து, அணுத்துகள்களின் தடத்தைக் கண்ணுக்குக் காட்டி, 1927-இல் அவருக்கு நோபல் பரிசைத் தேடித்தந்தது. அந்த ஆய்வகத்தில் 1883 முதல் 1904 வரை மழையிலும் பனியிலும் மணிக்கு மணி அளவெடுத்தவர்களின் உழைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது. வில்சன் பார்த்தது 1,345 மீட்டர் உயர மலையின் மேகத்தை. நாமோ அதைவிட உயரத்தில் மேகத்தின் நடுவே குடியிருக்கிறோம்.

ஒரு மாவட்டம், இரு காற்று

நம் முன்னோர் திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை அழைத்தனர். மேற்கிலிருந்து வருவது கோடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். கொண்டல் என்ற சொல் மேகத்தையும் குறிக்கும். நீலகிரியின் இயல்பை அறிய இவ்விரு சொற்களே போதும்.

சூன் முதல் மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று அவலாஞ்சி, மேல்பவானி, கூடலூர்ப் பக்கத்தை நனைக்கிறது. மலையைத் தாண்டிக் கீழிறங்கும் காற்று அழுத்தத்தால் சூடேறி உலர்ந்துவிடுவதால் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில் அப்போது மழை குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் இது தலைகீழாகிறது. வங்கக்கடலிலிருந்து வரும் கொண்டல் கிழக்குச் சரிவில் ஏறிக் கொட்டுகிறது; மேற்குப் பக்கம் மழை மறைவில் நிற்கிறது.

2019 ஆகஸ்டு 8-ஆம் நாள் வெளியான கணக்கில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பதிவாயிற்று. கோவை நகரம் ஓர் ஆண்டு முழுவதும் பெறும் மழையைவிட இது அதிகம். ஒரு சென்ட் நிலத்தில் மட்டும் 32,000 லிட்டர். ஓர் ஏக்கரில் 32 இலட்சம் லிட்டர். அதே நாளில் மலைக்கு அப்பால் வயநாட்டுப் புத்துமலையில் நிலம் சரிந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. அவலாஞ்சி என்ற பெயரே பழைய நிலச்சரிவு ஒன்றால் வந்தது என்பார்கள். குன்னூரில் இருந்தவர்களுக்கோ அந்த மழை செய்தித்தாளில் படித்த மழைதான்.

கிழக்குச் சரிவின் துயரங்களைப் பாருங்கள். 1978, 1993, 2009 ஆகிய மூன்று ஆண்டுகளின் பெரும் நிலச்சரிவுகளும் நவம்பர் மாதத்திலேயே நிகழ்ந்தன. 1993-இல் மரப்பாலம், 2009-இல் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பகுதிகள். 2009-இல் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆகஸ்டில் ஒரு பக்கம், நவம்பரில் மறுபக்கம். "நீலகிரி மாவட்டத்தில் கனமழை" என்று ஒரே வரியில் சொல்லும் அறிவிப்பு, எந்தச் சரிவில் என்று கேட்பவனுக்கு விடை தருவதில்லை.

2009 நவம்பரில் நான் நான்கு வயதுக் குழந்தை. நடந்ததெல்லாம் வீட்டார் சொல்லக் கேட்டதே. மூன்றாம் நாள் மாலை லைன் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஊற்று திடீரென்று கலங்கிச் சிவந்ததாம். "மண்ணு கரையுது, இனி இங்க இருக்கப்படாது" என்று பாட்டி பிடிவாதம் பிடித்தார். அக்கம்பக்கத்தாரில் சிலர் நகைத்தனர். என்னைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். அன்றிரவு வரிசைக்குப் பின்னாலிருந்த தேயிலைச் சரிவு இறங்கிவிட்டது. கடைசி இரண்டு வீடுகளின் சுவர் விழுந்தது. பாட்டியின் பேச்சைக் கேட்டு அவர்களும் வெளியேறியிருந்ததால் உயிர்ச்சேதமில்லை. எங்கள் லைனைக் காப்பாற்றியது ஒரு கிழவியின் கண். ஒவ்வொரு லைனிலும் அப்படியொரு கண் இருக்கும் என்று எப்படி நம்புவது?

துணைக்கோள் இருக்கும்போது தகரக் குவளை எதற்கு?

நண்பர்கள் கேட்கலாம்: வானில் துணைக்கோள் சுற்றுகிறது, ராடார் இருக்கிறது, கைப்பேசியில் மணிக்கணக்கு முன்னறிவிப்பு வருகிறது, இந்தக் காலத்தில் மழைமானியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமா? நியாயமான கேள்விதான். அக்கருவிகளால்தான் வங்கக்கடலில் உருவாகும் புயலை நாட்கணக்கில் முன்னதாகவே அறிகிறோம். அவற்றைக் குறை கூறுவது அறிவுடைமை ஆகாது.

ஆனால் மலையில் அவற்றுக்கு எல்லை உண்டு. ராடார் அலை நேர்கோட்டில் செல்வது. குறுக்கே மலை நின்றால் அதற்கு அப்பால் உள்ள பள்ளத்தைக் காணாது. தொலைவில் அது மேகத்தின் தலைக்கு மேலேயே கடந்துவிடும். அகச்சிவப்புக் கதிரால் பார்க்கும் துணைக்கோள், மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு மழையை மதிப்பிடுகிறது. உறைநிலைக்குக் கீழேயே நின்று கொட்டும் நம் தாழ்ந்த மேகத்தின் உச்சி அவ்வளவு குளிராதாகையால், பெருமழையும் அதன் கண்ணுக்குச் சிறுமழையாகப் படலாம். பள்ளத்தில் விழுந்த மழையைப் பள்ளத்தில் வைத்த பாத்திரம்தான் ஐயமின்றிச் சொல்லும்.

மாவட்டத்தில் மழைமானிகள் இல்லாமல் இல்லை. அரசு நிலையங்களின் பட்டியல் நாள்தோறும் வெளிவருகிறது. ஆயினும் ஒரு முகட்டைத் தாண்டினால் மழையே மாறிவிடும் மலைக்கு அவ்வெண்ணிக்கை போதாது என்பதே என் கருத்து. சென்ற பருவத்தில் பக்கவாட்டு நேரான பழைய தகரக் குவளை ஒன்றை எங்கள் வீட்டு மேட்டில் வைத்தேன். பக்கம் நேராக இருந்தால் வாய் அகலம் எதுவானாலும் கவலையில்லை. தேங்கிய நீரின் உயரமே மழையின் அளவு. அடிக்கோல் ஒன்று போதும். ஒரு நாள் அதில் 58 மில்லிமீட்டர் இருந்தது. அன்று பட்டியலில் எங்களுக்கு அருகிலிருந்த நிலையத்தின் அளவு 11. இரண்டும் பொய்யல்ல, இடையில் ஒரு முகடு இருக்கிறது, அவ்வளவுதான்.

அண்டை மாவட்டத்தில் இதற்கொரு முன்மாதிரி உண்டு. வயநாட்டின் கல்பற்றாவிலுள்ள ஹியூம் மையம் என்ற ஆய்வு நிறுவனம், ஊர்மக்களின் துணையோடு ஏறத்தாழ 200 இடங்களில் மழையை அளந்து வருகிறது. 2024 சூலை 30 விடியற்காலை முண்டக்கை, சூரல்மலைப் பகுதியில் நிலச்சரிவு நேர்ந்து 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த அளவுகளைக் கொண்டு முதல் நாளே அம்மையம் ஆபத்தை எச்சரித்தது என்று நாளிதழ்கள் எழுதின. இதில் நமக்கு இரு பாடங்கள். அளந்தால் முன்கூட்டியே அறியலாம் என்பது ஒன்று. அறிந்தது உறங்குகிறவன் கதவைத் தட்டாவிட்டால் பயனில்லை என்பது மற்றொன்று. குவளையும் வேண்டும்; அதன் அளவைக் கேட்கும் செவியும் வேண்டும்.

இது மலைவாசிகளுக்கு மட்டுமான கவலையன்று. 2024 மே 17-ஆம் நாள் பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மீது திடீர் வெள்ளம் பாய்ந்து 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அருவியின் அடியில் நிற்பவனுக்கு மேலே மலையில் பெய்யும் மழை தெரிவதில்லை. மேலே இருப்பவன் அளந்து கீழே இருப்பவனுக்குச் சொல்லவேண்டும்.

நாம் செய்யக்கூடியது

என் வேண்டுகோள் பெரிதன்று. மலைப்பகுதியின் ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மழைமானி வைக்கவேண்டும். வானிலைத் துறையின் வழக்கப்படி காலை எட்டரை மணிக்கு மாணவர்களே அதைப் படித்துக் கரும்பலகையில் எழுதவேண்டும். பெருமழை நாட்களில் மூன்று மணிக்கொருமுறை அளந்து ஊராட்சிக்கும் வட்டாட்சியருக்கும் கைப்பேசியில் தெரிவிக்கலாம். விடுமுறை விட்டாலும் பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் ஒருவர் இதைச் செய்ய முடியும். முன்னறிவிப்புகள் மாவட்டத்தின் பெயரோடு நில்லாமல் மேற்குச் சரிவு, கிழக்குச் சரிவு என்று பிரித்துச் சொல்லவேண்டும். அறிவியல் மாணவர்களாகிய நாம் இப்பள்ளிகளுக்குச் சென்று அளக்கும் முறையைக் கற்றுக்கொடுக்கலாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கினால் யாருக்கும் நட்டமில்லை.

ஊற்று கலங்குவதையும் மஞ்சு ஏறுவதையும் படிக்கத் தெரிந்த முதியவர்களின் அறிவையும் அந்த ஏட்டில் குறித்துவைக்க வேண்டும். அவர்கள் கண்டது பத்தாண்டுக் கணக்கு. நாம் எழுதப்போவது மில்லிமீட்டர்க் கணக்கு. இரண்டும் ஒரே பக்கத்தில் எழுதப்பட்டால்தான் எத்தனை மழைக்கு எந்தச் சரிவு தாங்கும் என்பது அடுத்த தலைமுறைக்காவது தெரியவரும்.

வள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக வான்சிறப்பை வைத்தார். வாழ்விப்பதும் அதுவே, கெடுப்பதும் அதுவே என்பதை அறிந்து வைத்தார். வணங்கத்தக்க பொருளை அளந்து பார்ப்பது அவமதிப்பாகாது. அதைப் பொருட்படுத்துகிறோம் என்பதற்கே அது அடையாளம்.

எங்கள் வீட்டுத் தகரக் குவளையை முதலில் கண்டபோது என் தாயார், "பி.எஸ்சி. படிச்சிட்டு டப்பாவுல தண்ணி புடிக்கிறியா?" என்று சிரித்தார். இப்போது மழை நாட்களில் வேலைக்குப் புறப்படும்முன் இடுப்பில் படுதாவைக் கட்டிக்கொண்டே கேட்கிறார்: "இன்னைக்கு எவ்வளவு கண்ணு?" எண்ணைச் சொல்கிறேன். எண் பெரிதாக இருந்தால், தோட்டத்துக்குப் போகும் வழியில் ஊற்று தெளிவாக ஓடுகிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.